நாலாம் அறையில் ஓடிய பாட்டு

பிற்பகல் 2.15.

ஆப்பிள் கிடங்கின் நாலாம் அறைக் கதவு திறந்ததும் முதலில் வெளியே வந்தது குளிர். மூச்சுக்கருவி மாட்டிய இரண்டு பேர் உள்ளே போய், பெட்டி அடுக்குகளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தரப் பரிசோதகரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயது நாற்பத்தொன்று. காதுகளில் இயர்போன் இருந்தது. பக்கத்துத் தெரு டாக்டர் ஓடிவந்து நாடி பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், எழுந்துவிட்டார்.

ஆப்பிள் மாதக்கணக்கில் வாடாமல் இருக்க வேண்டுமானால் அது மூச்சு விடக் கூடாது. அதற்காக அறையை இறுக மூடி, உள்ளே இருக்கும் காற்றை விரட்டிவிட்டு நைட்ரஜனை நிரப்புவார்கள். பழத்துக்கு நல்லது. மனிதனுக்கு எமன்.

கதவை மூடும் பச்சைப் பட்டனைக் காலை 10.40க்கு அழுத்தியவள் கிடங்கின் கதவுக்காரி. இறந்தவரின் கூடப்பிறந்த தங்கை அவள். மதியச் சாப்பாட்டுக்கு அண்ணன் வரவில்லை என்று முதலில் தேடியவளும் அவள்தான்.

"போலீஸ் வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க" என்றார் மேனேஜர். ஒருவரும் தொடவில்லை.

2.50.

இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தார். ஸ்டேஷனில் அவருக்கு வைத்திருந்த பெயர் இடுக்கி. பிடித்தால் விடமாட்டார் என்பதற்காக வைத்தது. அவருக்கும் அது தெரியும், வருத்தமில்லை.

ஏட்டு பிணத்தின் பக்கத்தில் குந்தினார். இயர்போனிலிருந்து கொசு ரீங்காரம் போல ஏதோ கசிந்தது. அவ்வளவுதான், ஏட்டின் கட்டைவிரல் பாய்ந்து போய் போனில் பாட்டை அணைத்தது.

"சனியன்! செத்தவனைக்கூட விடாதா இது?"

"ஏட்டு, முப்பது வருஷ சர்வீஸ். சாட்சிப் பொருளைத் தொடலாமா?"

ஏட்டுக்கு முகம் வெளுத்தது. "தப்புதான் மேடம். ஓசிப் பாட்டு. கேட்டதும் கை தானாப் போயிடுச்சு."

மணி 2.52. இடுக்கி அதைக் குறித்துக்கொண்டார்.

ஓசிப் பாட்டு பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊரில் இருக்கும் ஒரே போன் கம்பெனி, தன் ஆண்டு விழாவுக்கு வாடிக்கையாளர்களை மகிழ்விக்க முடிவு செய்து, எட்டுப் பாட்டை எல்லோருடைய போனிலும் கேட்காமலே இறக்கிவிட்டது. மூன்று வாரம் ஆகிறது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாடு நேராக வீட்டுக்குள் வந்து கட்டிலில் படுத்துக்கொண்டது. அழித்தால் மறுநாள் திரும்பி வரும். இயர்போனோ ஸ்பீக்கரோ எதைச் செருகினாலும், நீங்கள் கேட்க நினைத்ததை முந்திக்கொண்டு அதுவே பாடத் தொடங்கி, அணைக்கும் வரை சுற்றிச் சுற்றிப் பாடும். துக்க வீட்டில் பாடியது, பரீட்சை மண்டபத்தில் பாடியது. கம்பெனி வாசலில் மனுக்கள் குவிந்தன. ஊரே அதை இரண்டு நொடியில் அணைக்கப் பழகிவிட்டது.

3.20. மேனேஜர் அறை.

மேசை மேல் சின்ன ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. இடுக்கி தன் போனை அதில் செருகினார். ஓசிப் பாட்டு கிளம்பியது. அவர் அணைக்கவில்லை.

"ஓடட்டும். நாம பேசறது வெளியே கேட்காது" என்றார் ஏட்டிடம். ஏட்டு பல்லைக் கடித்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார்.

முதலில் வந்தவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். உட்காருவதற்கு முன்பே கையை நீட்டிப் பாட்டை அணைத்தார். "மன்னிச்சுக்கங்க மேடம். கேட்டுக் கேட்டு வெறுத்துப்போச்சு."

"காலையில அவரைப் பார்த்தீங்களா?"

"பத்து மணி வாக்குல. இந்த ரூம்லேர்ந்துதான் வெளியே வந்தாரு. மேனேஜர் டீ வாங்கிக் குடுத்திருப்பார்போல, டம்ளர் கையில இருந்தது. கண்ணைக் கசக்கிக்கிட்டே நாலாம் ரூம் பக்கம் போனாரு. ராத்திரி தூக்கமில்லையாண்ணேன்னு கேட்டேன். நல்லாத்தான் தூங்கினேன், என்னன்னே தெரியலைன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் நான் ரெண்டாம் ரூம். பத்து இருபதுக்கு அதை மூடணும். பத்துலேர்ந்து பத்து இருபது வரைக்கும் நானும் அவர் தங்கச்சியும் அங்கேயே பெட்டி அடுக்கிக்கிட்டு இருந்தோம்."

"நாலாம் ரூம்ல காத்து குறைஞ்சா அலறுமே, அந்த அலாரம்?"

ஓட்டுநர் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அது செத்து ரெண்டு மாசம் ஆச்சு மேடம். போன மாசம் ஒரு லோடுமேன் மயங்கி விழுந்தான். வெளியே சொன்னா வேலை போயிடும்னாங்க."

3.45.

தங்கை வந்தாள். இடுக்கி மறுபடி போனைச் செருகியிருந்தார். பாட்டு காதில் விழுந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அதை நிறுத்துங்க மேடம். கையெடுத்துக் கும்பிடறேன்."

இடுக்கி நிறுத்தினார். "உட்காருங்கம்மா."

"கேள்வி எதுக்கு? நான்தான் பட்டனை அமுக்கினேன். கேஸ் போட்டுடுங்க."

"கேஸ் எங்கேயும் ஓடிப்போகாது. மூடறதுக்கு முன்னாடி என்னென்ன செஞ்சீங்க?"

"உள்ளே போறவங்க பேர் போட்ட தகட்டைப் பலகையில மாட்டிட்டுப் போகணும். பார்த்தேன், தகடு இல்லை. மூணு தடவை மணி அடிச்சேன். குரல் குடுத்தேன். பதில் இல்லை. அப்புறம்தான் அமுக்கினேன்."

தகடு இறந்தவரின் கோட்டுப் பையில் கிடைத்திருந்தது.

"தகடு மாட்ட மறக்கிற ஆளா உங்க அண்ணன்?"

"மறந்த மத்தவங்களைத் திட்டற ஆளு."

"பாட்டு கேட்பாரா?"

"பாட்டா? செஸ் ஆட்ட வர்ணனைதான் கேட்பாரு. இந்த ஓசிப் பாட்டு வந்ததும் கம்பெனிக்கு மூணு நாள் போன் போட்டுச் சண்டை. நாலாம் நாள் இயர்போனைக் கழட்டி இங்கே அவரு மேசை டிராயர்ல வீசிட்டாரு. இதை மாட்டினா அந்தச் சனியனைக் கேட்கணும், வேண்டவே வேண்டாம்னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் அவரு காதுல நான் அதைப் பார்க்கலை."

"இன்னைக்குப் பார்த்தீங்களே?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாயந்திரம் ஆபீசர் யாருக்கோ ஒரு லெட்டர் குடுக்கப் போறேன்னு சொன்னாரு. என்ன லெட்டர்னு சொல்லலை" என்றாள்.

4.10.

மேனேஜர் வந்து தன் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பழைய பட்டன் போன் ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தார். "நமக்கு இதுதான் மேடம். பேசினாப் போதும். இந்தக் காலத்துப் போனெல்லாம் ஆளைச் சோம்பேறி ஆக்கிடும்."

ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"என்ன நடந்திருக்கும்னு நினைக்கிறீங்க?"

"பாவம், நல்ல மனுஷன். பாட்டுன்னா உயிர். எப்பப் பாரு காதுல மாட்டிக்கிட்டுத்தான் இருப்பாரு. பெட்டிக்குப் பின்னால உட்கார்ந்து கேட்டுக்கிட்டே கண்ணயர்ந்திருப்பாரு. மணி எப்படிக் கேட்கும்? அந்தப் பொண்ணு மேல நான் குத்தம் சொல்லலை. ஆனா உள்ளே போய் ஒரு தடவை பார்த்திருக்கலாம்."

"பத்தரைக்கு மேல நீங்க எங்கே?"

"இங்கேதான். வியாபாரிங்க மூணு பேர் வந்திருந்தாங்க. பத்தரைலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை. அவங்களைக் கேட்டுப் பாருங்க."

"பத்துக்கும் பத்தரைக்கும் நடுவுல?"

"அதுக்கென்ன? கதவு மூடினது பத்து நாப்பதுக்குத்தானே?" பிறகு ஸ்பீக்கரைக் காட்டினார். "சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைக்கலாமா? பாட்டு நல்லாத்தான் இருக்கு."

ஏட்டின் பேனா நின்றது. இடுக்கி சத்தத்தைக் குறைத்தார்.

5.30.

இடுக்கி போன் கம்பெனியைக் கூப்பிட்டார். தாங்கள் கொடுத்த பரிசை யார் எவ்வளவு நேரம் கேட்கிறார்கள் என்று கம்பெனி கணக்கு வைத்திருந்தது. அந்தக் கணக்கு அவர்களுக்குப் பெரிய அவமானமாகவும் இருந்தது. இறந்தவரின் எண்ணைச் சொன்னதும் மறுமுனையில் இருந்தவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"மேடம், இந்த ஊர்ல முழுசாக் கேட்ட ஒரே கஸ்டமர் இவர்தான்! அறைக்குள்ள சிக்னல் இல்லைபோல, வெளியே வந்ததும்தான் கணக்கு எங்களுக்கு வந்தது. காலையில 10.12க்கு ஆரம்பிச்சிருக்கார். எட்டுப் பாட்டும் சேர்த்து முப்பத்தஞ்சு நிமிஷம். எட்டுச் சுத்து. நடுவுல ஒரு தடவைகூட நிறுத்தலை. 2.52க்குத்தான் அணைச்சிருக்கார். அவரோட கருத்தைக் கேட்டு வாங்கித் தர முடியுமா?"

"முடியாது" என்று இடுக்கி போனை வைத்தார்.

பிறகு ஏட்டு இறந்தவரின் போனில் இருந்த படங்களைத் தள்ளிக்கொண்டே போய் ஒன்றில் நின்றார். கடிதம் ஒன்றைப் படம் எடுத்து வைத்திருந்தார் மனிதர். தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதியது. நாலாம் அறை அலாரம், மயங்கி விழுந்த லோடுமேன், வாயை மூடச் சொன்ன மேனேஜர், எல்லாம் அதில் இருந்தது. கடிதம் மட்டும் அவர் பையில் இல்லை.

6.30.

மூன்று பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்தார் இடுக்கி.

"உங்க கணக்குப்படி அவர் பாட்டு கேட்டுக்கிட்டே தூங்கிட்டாரு" என்றார் மேனேஜரைப் பார்த்து. "அது என்ன பாட்டு தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"அதுதான் விஷயம். ஊர்ல எல்லாருக்கும் தெரியும், பட்டன் போனுக்கு அது வராததால உங்களுக்கு மட்டும் தெரியாது. இப்ப இந்த மேசையில ஓடிச்சே, அதே பாட்டு. அதைக் கேட்டதும் இவரு கையை நீட்டி அணைச்சாரு. இந்தப் பொண்ணு கும்பிட்டுக் கெஞ்சிச்சு. எங்க ஏட்டு, பிணத்துக்கிட்ட எதையும் தொடக் கூடாதுன்னு தெரிஞ்ச ஆளு, அவரு கையே சொன்ன பேச்சு கேட்கலை. நீங்க ஒருத்தர்தான் நல்லாயிருக்குன்னீங்க."

மேனேஜர் சிரிக்கப் பார்த்தார். "பாட்டை ரசிச்சா குத்தமா?"

"ரசிங்க. ஆனா செத்துப்போனவர் அந்தப் பாட்டுக்குப் பயந்து ரெண்டு வாரத்துக்கு மேல இயர்போனையே தொடலை. அப்படியே தொட்டிருந்தாலும் முதல் வேலையா அதை அணைச்சிருப்பாரு. பத்து பன்னெண்டுக்குக் கிளம்பின பாட்டு நாலு மணி நாப்பது நிமிஷம் நிக்காம ஓடியிருக்கு. அப்படின்னா, பாட்டு கிளம்பினப்போ அதை அணைக்கிற நிலையில அவர் இல்லை. மாட்டினது வேற கை. அந்தக் கைக்கு அது ஓசிப் பாட்டுன்னும் தெரியலை."

இடுக்கி மற்ற இருவரையும் கைகாட்டினார்.

"பத்து பன்னெண்டுக்கு இவங்க ரெண்டு பேரும் ரெண்டாம் ரூம்ல ஒண்ணா இருந்தாங்க. கதவு மூடற நேரத்துக்கு மூணு சாட்சி தயார் பண்ணி வெச்ச நீங்க, அந்த அரை மணியை மட்டும் விட்டுட்டீங்க. டீயில தூக்க மாத்திரை. நாலாம் ரூம்ல சாம்பிள் பார்க்கச் சொல்லி அனுப்பினீங்க. அவர் சரிஞ்சதும் பின்னாடியே போய் லெட்டரை எடுத்தீங்க, பலகையில இருந்த தகட்டைக் கழட்டி அவர் பையில போட்டீங்க. மூணு தடவை மணி அடிச்சும் ஏன் எந்திரிக்கலைன்னு நாளைக்கு ஒருத்தன் கேட்பானே? அதுக்காக டிராயர்ல கிடந்த இயர்போன். மாத்திரை வயித்துல இருக்கான்னு நாளைக்கு டாக்டர் சொல்லிடுவாரு. நீங்க இன்னைக்கே சொல்லிடலாம்."

மேனேஜர் தன் பட்டன் போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். பேசியபோது, குரலில் வருத்தத்தைவிட எரிச்சல்தான் அதிகம் இருந்தது.

"செருகினதும் அதுவாவே பாட ஆரம்பிச்சுது. அவன் ஆசையா வெச்சிருக்கிற பாட்டுன்னுதானே நினைச்சேன்."

ஏட்டு அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

7.15.

மேனேஜரை வண்டியில் ஏற்றிய பிறகு இடுக்கி திரும்பி வந்தார். தங்கை அதே நாற்காலியில்தான் இருந்தாள். தன் மேல் வழக்கு இல்லை என்பது அவளுக்குப் புரிந்திருந்தது. ஆனால் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"மேடம், நான் பட்டனை அமுக்கறப்போ அவரு உயிரோட இருந்தாரா?"

ஏட்டு தலையைக் குனிந்துகொண்டார். ஒரு பொய் சொன்னால் போதும், அந்தப் பெண் இன்றிரவு தூங்கிவிடுவாள். ஆனால் நாளை கோர்ட்டில் டாக்டர் வாயிலிருந்து அதைக் கேட்க நேரும். இடுக்கிக்கு மனசு கனத்தது.

"இருந்தாரும்மா. தூங்கிக்கிட்டு இருந்தாரு. நீங்க செய்ய வேண்டியதை ஒண்ணு விடாம செஞ்சீங்க. மணி அடிச்சீங்க, கூப்பிட்டீங்க. அது அவர் காதுக்குப் போகாம அடைச்சவன்தான் கொலைகாரன்."

அவள் தலையாட்டினாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள்.

"உள்ளே யார் இருக்கீங்கன்னு மூணு தடவை கத்தினேன் மேடம். ரூல்ல அப்படித்தான் இருக்கு. பேரு சொல்லிக் கூப்பிடலை. அவரு அங்கே இருப்பாருன்னு தெரியாதே." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "அண்ணான்னு ஒரு தடவை கூப்பிட்டிருந்தா எந்திரிச்சிருப்பாரு. எவ்வளவு தூக்கத்துல இருந்தாலும் அதுக்கு எந்திரிப்பாரு."

மாத்திரை கலந்ததைக் குடித்தவன் எந்தக் குரலுக்கும் எழமாட்டான் என்று இடுக்கிக்குத் தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.