அண்ணனுடைய காட்ரிட்ஜ்

தம்பி மாடி அறைக்குள் நுழைந்தபோது நல்ல மத்தியானம். ஆனாலும் அறை இருட்டிக் கிடந்தது. அண்ணன் இறந்த பிறகு அங்கே யாரும் திரையை விலக்கவில்லை, எதையும் தொடவில்லை என்றாள் அண்ணி. ஆனால் பாட்டு ஓடும்போது சூடேறும் ஆம்ப்ளிஃபயர், அவன் கை வைத்துப் பார்த்தபோது இளஞ்சூடாக இருந்தது. வெயில் சூடாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

"அவர் கேக்கற மாதிரி ஒரு தடவை பாட்டை ஓட விடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அண்ணி கதவோரம் உட்கார்ந்தாள்.

அவன் சட்டைப் பையில் அந்தக் காட்ரிட்ஜ் இருந்தது. ரெக்கார்டு பிளேயரின் கை நுனியில் முள்ளைத் தாங்கி நிற்கும், நகத்தளவுச் சாமான். இன்று தலைகீழாக நின்றாலும் கிடைக்காத பழைய உருப்படி. அண்ணனுக்கு அது உயிர். தம்பிக்கு வெகுநாளாக அதன்மேல் ஒரு கண்.

காட்ரிட்ஜ்களை மாற்றி மாற்றி ஒப்பிட்டுக் கேட்பதில் இருவருக்கும் பைத்தியம். அண்ணனுக்குக் கை நடுக்கம் என்பதால் மாட்டுவதும் திருகுவதும் தம்பிதான். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, ஓடுவது எது என்று சொல்லிவிடுவார். சத்தம் குறைந்தால் எல்லாக் காட்ரிட்ஜும் ஒன்று போலவே கேட்கும். அது தெரிந்த பாவி, வாராவாரம் வால்யூமை மயிரிழை மயிரிழையாகக் குறைத்துக்கொண்டே வந்தான்.

"எல்லாமே ஒண்ணு போலக் கேக்குதேடா" என்றார் அண்ணன் ஒரு நாள்.

"சத்தம் எப்பவும் போலத்தான் இருக்கு. உங்க காதுதாண்ணே போயிட்டிருக்கு."

தன் காதைவிடத் தம்பியை நம்பியவர் அவர். காட்ரிட்ஜைக் கழற்றச் சொல்லி அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். அதன்பின் படுக்கையில் கிடந்த மாதங்களில் ஒரு பாட்டுக்கூடக் கேட்கவில்லை. கேட்காமலேயே போய்ச் சேர்ந்தார். அந்தக் காட்ரிட்ஜை வைத்துக்கொள்ளத் தம்பிக்கு இப்போது மனம் ஒப்பவில்லை. இன்று சத்தமில்லாமல் அதை மாட்டிவிட்டுப் போய்விட வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் வந்திருந்தான்.

முதலில் வேறொரு காட்ரிட்ஜைப் போட்டான். பாட்டு கணீரென்று வந்தது. பிறகு அண்ணனுடையதை மாட்டினான்.

மங்கலாகக் கேட்டது.

வால்யூமை ஏற்றினான். சத்தம் இறங்கியது.

இன்னும் ஏற்றினான். இன்னும் இறங்கியது.

ஸ்பீக்கர் கிடுகிடுவென்று அதிர்வது கண்ணுக்குத் தெரிந்தது. அண்ணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

"குறைங்க தம்பி, காது கிழியுது."

அவள் குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. போய்க்கொண்டிருந்தது அவன் காதுதான். சட்டென்று முள்ளைத் தூக்கினான்.

"அண்ணி, அண்ணன் காது நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் சத்தத்தைக் குறைச்சு ஏமாத்திட்டேன்."

தன் குரலே அவனுக்குக் கேட்கவில்லை. அண்ணியின் முகம் மாறியதைப் பார்த்துத்தான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. அவள் வாய் திறந்து திறந்து மூடியது. திட்டுகிறாளா, அழுகிறாளா, மன்னிக்கிறாளா, ஒன்றும் எட்டவில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்டது.

வலது காதோரம், மிக அருகில், யாரோ நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.