ஒன்று நகர்ந்தால் ஒன்று

திங்கட்கிழமை காலை ஷெட்டைத் திறந்து லைட்டைப் போட்டதும் கன்னையன் கண்ணில் முதலில் பட்டது அந்தச் சாம்பல் நிறப் பொம்மைதான். சாக்பீஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டியது இந்தப் பக்கம் நின்றது. ஒரு விரல்கடை தூரம், அவ்வளவுதான். வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் அது கன்னையனின் கட்டிங் டேபிள். துணியை அடுக்கடுக்காக விரித்து, ஒரு நூல் பிசகினாலும் மொத்த அடுக்கும் கோணலாகிவிடும் என்று ஆயுசு முழுக்கப் பயந்து பயந்து கத்தி ஓட்டிய டேபிள். அதன்மேல் எது எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்க்காமலே அவருக்குத் தெரியும்.

எலியாக இருக்கும் என்று நினைத்தார். பிறகு அதையும் நம்பவில்லை. எலி ஓடினால் நான்கைக் கவிழ்த்துவிட்டு ஓடும். ஒன்றை மட்டும் நிற்க வைத்து நகர்த்தாது.

அந்தப் பொம்மைகள் அங்கே வந்த கதையே அவருக்கு வயிற்றெரிச்சல். ஆர்டர் குறைந்து, ஆட்கள் ஒவ்வொருவராக வேறு கம்பெனி பார்த்துப் போய், ஷெட்டில் மிஞ்சியது ஐந்து பேர். அவ்வளவு நீள டேபிளில் பாதிதான் வேலைக்கு வேண்டியிருந்தது. மீதிப் பாதியின் கோடியில், ஒரு தலையணை அளவு இடத்தை, ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் துணி வெட்டும் பேட்டர்ன் போடும் ஜெபக்குமார் முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டான். கன்னையனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயின்ட் ஒரு சொட்டு வெள்ளைத் துணியில் பட்டால் யார் தலை உருளும் என்றும் யாரும் யோசிக்கவில்லை.

நூல் சுற்றும் கோன்களைக் கவிழ்த்துக் கோபுரம். அட்டைப்பெட்டியை வெட்டிச் சுவர். பஞ்சு வேஸ்ட்டைப் பிய்த்துப் போட்டுப் பனிமூட்டம். நடுவில் ஒரு சாக்பீஸ் கோடு, சுண்டுவிரல் உயரத்தில் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஐந்து ஆட்கள், அந்தப் பக்கம் ஐந்து ஆட்கள். இந்தப் பக்கத்து ஐந்துக்கும் முடி போன்ற பிரஷ்ஷால் கண், இடுப்பு வார், வாளில் துருகூட வரைந்திருந்தான். அந்தப் பக்கத்து ஐந்தும் வந்த பார்சலில் இருந்தபடியே வெறும் சாம்பல். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஒரு மேடு.

"அதுகளுக்கு மூஞ்சி வரையலையா தம்பி?" என்று ஒரு நாள் கேட்டிருந்தார்.

"நேரம் இல்லீங்க மாஸ்டர்."

"அந்தப் பக்கம் ஆடறது யாரு?"

"யாருமில்லீங்க. நம்மூர்ல இதுக்கு ஆளு ஏதுங்க? நான் ஒருத்தன நகர்த்துவேன். அப்பறம் பகடைய உருட்டி, அது சொல்றாப்பல அவங்கள்ல ஒருத்தன நகர்த்துவேன். ஒண்ணு நகர்ந்தா ஒண்ணு. நம்ம ஆளு சும்மா நின்னா அவங்களும் சும்மா நிப்பாங்க."

"இதுல என்ன எளவு ருசி இருக்குது?"

ஜெபக்குமார் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சாமி கதை சொல்கிறவன் மாதிரி சொன்னான். "பெரிய படை வெச்சு ஆடற ஆட்டமும் இருக்குதுங்க மாஸ்டர். நூறு பொம்மை, இருநூறு பொம்மை. அதுல பத்துப் பேரு செத்தா ஒட்டுக்கா அள்ளி டப்பாவுல போட்டுட்டு அடுத்த வேலையப் பாக்கலாம். எவன் செத்தான்னு எவனுக்குத் தெரியும்? இதுல அஞ்சே பேரு. ஒருத்தனுக்குக் கால்ல அடின்னா அடுத்த ஆட்டத்துக்கும் நொண்டிக்கிட்டேதான் வருவான். ஒருத்தன் போயிட்டா அந்த எடம் காலியாவே கெடக்கும். ஒவ்வொருத்தனா பாத்துப் பாத்து நகர்த்தோணும். அதாங்க ருசி."

அந்தப் பேச்சு கன்னையன் மனசில் எங்கேயோ முள்ளாகத் தைத்தது. இளவயதில் அவர் இருந்த கம்பெனியில் ஷிப்டு விட்டால் ரோடே அடைத்துக்கொள்ளும். யார் செத்தார்கள், யார் ஓடிப்போனார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அதில் ஒரு நிம்மதி இருந்தது. கூட்டத்தில் நிற்கிறவன்மேல் எந்தக் கண்ணும் குறிப்பாக விழாது. இப்போது இந்த ஷெட்டில் ஐந்தே பேர். யார் இருமினாலும் தெரிந்தது.

அதற்குப் பிறகு, துணி விரிக்கும்போதெல்லாம் டேபிள் அதிர்ந்து அந்த வண்ணப் பொம்மைகள் இடம் மாறுவதும், ஜெபக்குமார் வந்து "மாஸ்டர், கைய வெச்சீங்களா?" என்று சிரிப்பதும் அவருக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் நம்பர் ஸ்டிக்கர் ரோலை எடுத்தார். வெட்டிய துணி எதையும் நம்பர் ஒட்டாமல் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. முன்பக்கத்துக்கு எந்த நம்பரோ கைக்கும் அதே நம்பர். மாறிப்போனால் ஒரே பனியனில் இரண்டு சாயம் தெரியும். அந்தக் கைப்பழக்கத்தில் ஐந்து பொம்மையின் அடியிலும் ஒன்று முதல் ஐந்து வரை ஒட்டி, டேபிள்மேல் நிற்கும் இடத்திலும் அதே நம்பரை எழுதி வைத்தார். அப்போது அவருக்குத் தோன்றவே இல்லை. ஆட்கள் குறைந்தபின் முதலாளி புதிதாகக் கொடுத்த வருகை டோக்கன் நம்பரும் ஒன்று முதல் ஐந்து வரைதான். ஒன்று அவர். இரண்டு, தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருக்கும் அவர் மனைவி மயிலாத்தாள். மூன்று, இஸ்திரி போடும் அயனிங் பார்க்கும் சகாயராஜ். நான்கும் ஐந்தும் டெய்லர்கள்.

கோட்டைத் தாண்டி நின்ற சாம்பல் பொம்மையை அந்தத் திங்கட்கிழமை காலை அவர் திரும்ப நகர்த்தி வைக்கவில்லை. தொடவே பிடிக்கவில்லை.

மறுநாள் காலை மூன்றாம் நம்பர் குப்புறக் கிடந்தது. பக்கத்தில் ஒரு சாம்பல் பொம்மை. மூன்றைத் தூக்கி நிறுத்தியபோது அதன் வலது கை மெழுகு உருகிய மாதிரி வளைந்து, வரைந்த சட்டை கொப்புளம் கொப்புளமாக உரிந்திருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அயனிங் டேபிளில் ஸ்டீம் போகிற ஓஸ் குழாய் பிய்த்துக்கொண்டது. சீறல் சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினார்கள். வெள்ளைப் புகைக்குள்ளிருந்து சகாயராஜ் வலது கையை முன்னால் நீட்டிக்கொண்டு, அது வேறு யாருடைய கையோ என்பது போலப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தான். "அண்ணாச்சி, ஒண்ணுமே தெரியல அண்ணாச்சி. வலியே இல்ல," என்றான் கன்னையனிடம். தோல் முழங்கை வரை தொங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

சாயங்காலம் ஜெபக்குமாரைப் பிடித்து டேபிள் கோடிக்கு இழுத்து வந்து காட்டினார்.

"அயனிங் டேபிள் பக்கத்துல இருக்குதுல்லீங்க மாஸ்டர். சூட்டுக்கு வளைஞ்சிருக்கும்."

"காலையிலயே வளைஞ்சிருந்துது. ஸ்டீமே போடல."

"நீங்க சரியாப் பாத்திருக்க மாட்டீங்க."

"இந்தக் கண்ணு பாக்காதத உன்ற கம்ப்யூட்டரு பாத்துருச்சாக்கும். எடுத்துட்டுப் போயிரு தம்பி. இன்னைக்கே எடுத்துட்டுப் போயிரு."

"நாளைக்குக் காதர்பேட்டையில எலாஸ்டிக் எடுத்துக் குடுத்துட்டு, அப்படியே தாராபுரம் போறனுங்க, மாமியார் ஊட்டுக்கு. வந்து எடுத்துக்கறேன். ஆட்டம் பாதியில நிக்குது, கலைச்சுராதீங்க."

மயிலாத்தாளிடம் சொன்னதற்குக் கிடைத்தது அதைவிட மோசம். "வயசானா புத்தி பின்னால போகும்பாங்க. உங்களுக்குத் தொட்டிலுக்கே போயிருச்சுங்களா? பொம்மைக்குப் பயந்து வேலைய உட்டுட்டு ஊட்டுல உக்காந்துக்கறதா?" என்று சிரித்தாள். அவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். சொல்வதைக் கேட்க இந்த உலகத்தில் ஒரு காது இல்லை.

மறுநாள் சரக்கு முடிந்தாக வேண்டிய நாள். பொழுது சாய்ந்து டெய்லர்கள் இருவரும் கிளம்பிவிட்டார்கள். ஷெட்டின் அந்தக் கோடியில், சரக்குக் கட்டுகளுக்கு நடுவில், மயிலாத்தாள் உட்கார்ந்து பனியன் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறை ட்ரிம்மர் என்கிற சின்னக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தாள். இந்தக் கோடியில் கன்னையன் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, பார்க்கக் கூடாது பார்க்கக் கூடாது என்று நாளெல்லாம் அடக்கி வைத்திருந்த கண்ணைப் பொம்மைகள் பக்கம் திருப்பினார்.

இரண்டு சாம்பல்கள் அட்டைச் சுவரைச் சுற்றி வந்திருந்தன. இரண்டாம் நம்பருக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றன.

இரண்டை எடுத்தார். நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினார். பசை மிஞ்சாமல் சட்டென்று உரிகிற ஸ்டிக்கர் அது, அதற்காகவே வாங்குவது. உரியவில்லை. பொம்மையோடு பிறந்த தோல் மாதிரி ஒட்டிக்கிடந்தது. சுரண்டச் சுரண்ட அவருக்கு ஆத்திரம் பொங்கியது. நகக்கண்ணில் ரத்தம் வந்ததுதான் மிச்சம். கடைசியில் அதைக் கொண்டுபோய் மூலையில், உயரமான கோனுக்குப் பின்னால், எந்தச் சாம்பலுக்கும் எட்டாத இடத்தில் வைத்தார். மூச்சு வந்தது. போனை எடுத்து ஜெபக்குமாரைக் கூப்பிட்டார்.

"தம்பி, ரண்டாம் நம்பரத் தூக்கி மூலையில வெச்சிருக்கறேன். சொல்லிப்போட்டேன்."

பஸ் இரைச்சலுக்குள் ஜெபக்குமார் சிரித்தான். "நீங்களும் ஆட்டத்துல எறங்கிட்டீங்களா மாஸ்டர்? போச்சாது, பரவால்ல போங்க. அப்ப இனி அவங்க முறைங்க."

போன் துண்டானது. கன்னையன் டேபிளைப் பார்த்தார்.

வண்ணப் பொம்மைகள் ஐந்தும் இருந்தன. சாம்பல் ஒன்றுகூட இல்லை. அவை நின்ற இடங்களில் பஞ்சுத் தூசி ஐந்து வட்டமாக விலகியிருந்தது.

கரண்டு போனது.

எதிர் ரோட்டு நிட்டிங் மில்லின் இரைச்சலும் கூடவே அடங்கியது. காதுக்குள் அடைத்திருந்த பஞ்சைப் பிடுங்கிய மாதிரி இருந்தது. பகல் சூட்டில் விரிந்த தகரக் கூரை எங்கேயோ ஒரு மூலையில் டிக்கென்று சுருங்கியது. பஞ்சு வாடை. ஆறிய ஸ்டீம் வாடை. அதற்கடியில், பார்சலைப் பிரித்த அன்று வந்த அந்தப் புது பிளாஸ்டிக் வாடை, இப்போது ஷெட் முழுக்க.

கிட்.

அந்தக் கோடியில் ட்ரிம்மர் சத்தம். மயிலாத்தாள் இருட்டில் நிறுத்தவில்லை. விரலால் தடவிப் பிசிறைப் பிடித்து வெட்டப் பழகியவள்.

போனின் லைட்டைத் தட்டினார். வெளிச்சம் டேபிள்மேல் ஓடி, அயனிங் டேபிள்களின் வரிசையில் போய் மங்கியது. அங்கே ஏதோ நின்றது. மூடி வைத்த மெஷின் என்று நினைத்தார். அந்த இடத்தில் மெஷின் கிடையாது.

ஆள் உயரம். சாம்பல்.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடு.

கிட்.

அது நடக்கவில்லை. கால் அசையவில்லை. முன்பு நின்றதைவிட அவளுக்கு ஒரு டேபிள் கிட்டத்தில் நின்றது.

இன்னொன்று, கட்டுகளுக்குப் பின்னால். இன்னொன்று, தூணை ஒட்டி.

"மயிலா."

"ஊம்."

"கைய நிறுத்து."

"ஏனுங்க?"

"சொன்னாக் கேளு. ஆடாம அசையாம இரு."

"இந்த ஒரு கட்டு முடிச்சர்றனுங்க. இருட்டுன்னா பயமா இருந்தா லைட்ட உங்க மூஞ்சிக்கே அடிச்சுக்குங்க."

கிட்.

தூணை ஒட்டி நின்றது தூணை ஒட்டி இல்லை.

ஓடிப்போய் அவளை இழுத்துக்கொண்டு வரலாம். கால் எழுந்தது. பாதி வழியில் நிறுத்தினார். அவர் ஓர் அடி வைத்தால் அவற்றில் ஒன்றும் ஓர் அடி. அவளை எட்ட அவருக்கு ஷெட் நீளம் முழுக்க அடிகள் இருந்தன. அவற்றுக்கு அவ்வளவு இல்லை.

அவர் நின்றால் அவை நிற்கும். ஆனால் அவள்? கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கை சும்மா இருந்து அவர் பார்த்ததில்லை. சொன்ன சொல்லை அவள் அப்படியே கேட்டும் பார்த்ததில்லை.

"மயிலா. உன்ற கால்ல உழுகறேன். நிறுத்து."

கிட்.

கிட்.

லைட் நடுங்கியது. கை நடுங்குவதும் ஓர் அசைவா? தெரியவில்லை. ஐந்தையும் எண்ணினார். ஐந்தும் அவளைச் சுற்றி இருந்தன. அவள் குனிந்த தலையோடு மடியில் பனியனை வைத்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் நின்றது.

அவர் மூச்சை விடவில்லை.

அவள் தன் இடது தோளில் இருந்ததைக் கையால் தொட்டு, மெல்லத் தடவினாள். குரலில் கேலி போய், வீட்டில் தனியாக இருக்கும்போது பேசுகிற குரல் வந்திருந்தது.

"பயந்துட்டு பக்கத்துலயே வந்துட்டீங்களாக்கும். கையில என்னத்தப் பூசிட்டு வந்தீங்க? ரேகையே இல்லாம வழவழன்னு இருக்குது."

டேபிளின் இந்தக் கோடியில் கன்னையன் ஓர் அடியும் வைக்காமல் நின்றார்.

அவள் நிமிர்ந்து பார்க்கத் திரும்பினாள்.

நான்கு அசையாமல் நின்றன. ஒன்று மட்டும் குனிந்தது.