சத்தமான தெரு வேண்டும்

பட்டாணியின் அம்மா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அவர்கள் இருந்த சிறிய ஊரில் மொத்தமே நாலு லிஃப்ட்தான். அதில் ஒன்று பழைய விடுதியில் இருந்தது. அது ஓடியதைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது அந்த ஊரில் இல்லை.

அப்படிப்பட்ட அம்மாவுக்குப் பெரிய நகரத்திலிருந்து ஒரு வேலை தேடி வந்தது. முப்பது மாடி, நாற்பது மாடிக் கட்டடங்களில் ஓடும் லிஃப்டுகளைக் கவனித்துக்கொள்ளும் வேலை. இதைக் கேட்டதும் வீடே துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் அம்மா கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். காரணம் அப்பா.

அப்பாவுக்குச் சிறுவயதிலிருந்தே கண் தெரியாது. ஒரு பேருந்து நிறுவனத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளுக்கு வீட்டிலிருந்தே பதில் சொல்வது அவர் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே போகும் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். காலையில் பட்டாணியைப் பள்ளியில் விடுவார். ரொட்டி வாங்குவார். முடிவெட்டுபவரிடம் கொஞ்ச நேரம் வம்பளந்துவிட்டுத் திரும்புவார். கைத்தடி ஒன்று போதும். துணைக்கு ஆள் அனுப்பினால் அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும்.

"அங்க நீங்க தனியா வெளியே போய் வர முடியலேன்னா எனக்கு அந்த வேலையே வேண்டாம்" என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எல்லாம் போகப் போகப் பழகிவிடும் என்றார் அப்பா. அம்மாவின் வேலைமேல் அவருக்கு அவ்வளவு பெருமை. பேருந்து நேரம் கேட்டு யாராவது அழைத்தால்கூட, பேச்சோடு பேச்சாக, "என் மனைவி லிஃப்ட் ரிப்பேர் பண்றவங்க" என்று சொல்லிவிடுவார்.

திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். சனிக்கிழமை காலை மூவரும் நகரத்துக்குப் பேருந்து ஏறினார்கள். அப்பாவுக்கு ஏற்ற ஓர் இடம் கிடைக்கிறதா என்று பார்ப்பதாகத் திட்டம்.

நகரத்தைப் பார்த்துப் பட்டாணி வாயைப் பிளந்தாள். பாலத்துக்கு மேல் பாலம், அதற்கும் மேலே ரயில். ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் வெளிப்பக்கத்தில் லிஃப்ட் ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா நடைபாதையின் நடுவில் நின்று, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார். பிறகு அது எப்படி ஏறுகிறது, எங்கே நிற்கிறது என்று அப்பாவுக்கு ஒன்று விடாமல் சொன்னார். அம்மா அப்படிப் பேசி பட்டாணி கேட்டதே இல்லை. இந்த வேலை அம்மாவுக்குக் கிடைத்தே ஆக வேண்டும் என்று அந்த இடத்திலேயே அவளுக்குத் தோன்றிவிட்டது.

வீட்டுத் தரகர் அவர்களுக்காகக் காத்திருந்தார். அவர் எதைக் காட்டினாலும், "யோசிக்கவே வேண்டாம்" என்பார். பட்டாணி மனதுக்குள் அவருக்கு யோசிக்காதே மாமா என்று பெயர் வைத்தாள்.

முதல் வீட்டு வாசலில் இறங்கியதும் சாலை. ஒரே நேரத்தில் ஆறு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் பறந்தன. அம்மா உள்ளேகூடப் போகவில்லை. இதைத்தான் யோசிக்க வேண்டும் என்றார் தரகரிடம்.

"அப்போ உங்களுக்குன்னே ஒண்ணு வெச்சிருக்கேன்" என்றார் அவர். "அமைதியான இடம்னு சொன்னீங்களே, ஊசி விழுந்தாக்கூட கேட்கும்."

அந்தத் தெரு அழகாக இருந்தது. இரண்டு பக்கமும் மரம். மேடு பள்ளமில்லாத அகலமான நடைபாதை. ஒரே மாதிரி வெள்ளைச் சுவர்கள், ஒரே மாதிரி பச்சைக் கதவுகள். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அப்பாவுக்காகவே கட்டிய தெரு மாதிரி இருக்கிறது என்றார்.

அப்பா தெருமுனை வரை தனியாக நடந்தார். பட்டாணி சற்றுத் தள்ளிப் பின்னால் போனாள். ஊரில் அப்பாவின் கைத்தடி சும்மா பேருக்குத்தான் தரையைத் தொடும். இங்கே அது சுவர், மரம், தரை என்று ஓயாமல் தட்டிக்கொண்டே போனது. திரும்பி வந்த அப்பா, தரகர் காட்டிய வீடு என்று நினைத்து வேறொரு பச்சைக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒருவர், என்ன வேண்டும் என்று கேட்டார்.

"எங்க வீடுதான் வேணும். எங்க வெச்சிருக்கீங்க?" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் பட்டாணி அவர் கையைப் பிடித்தபோது உள்ளங்கை வியர்த்திருந்தது. அம்மா சிரிப்பதைச் சட்டென்று நிறுத்திவிட்டு, திரும்பும் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே பட்டாணிக்குப் புரிந்துவிட்டது. வேலை கை நழுவுகிறது.

இத்தனை நல்ல தெருவில் அப்பா ஏன் தடுமாறினார்?

பட்டாணி இறுகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் மணக்கவில்லை. நாலு அடி நடந்தாள். அங்கேயும் அதே கதைதான். தான் எங்கே நிற்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஊரில் அப்படியா? முடிவெட்டுபவரின் கத்தரி கிச்கிச் என்றால் பாதி வழி. ரொட்டி மணம் வந்தால் இடது பக்கம் திரும்ப வேண்டும். அப்பா அதையெல்லாம் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். அவருக்கு நல்லது என்று நினைத்து அம்மா தேடிய அமைதிதான் அவரை வழி தெரியாமல் நிற்க வைக்கிறது.

அவள் கண்ணைத் திறந்து நேராகத் தரகரிடம் போனாள்.

"மாமா, உங்ககிட்ட ரொம்பச் சத்தமான தெரு இருக்கா? வண்டிச் சத்தம் வேண்டாம். சின்னத் தெருவா இருக்கணும். ஆனா வீட்டுக்கு வீடு வேற வேற சத்தம் கேட்கணும்."

வேலையில் சேர்ந்த நாளாக இப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டதில்லை. "இருக்கு, ஆறு மாசமா சும்மா கிடக்கு" என்று இழுத்தார். "ஆனா அது... கொஞ்சம் யோசிக்கணும்மா."

அம்மாவும் தயங்கினார். அப்பா மட்டும் பட்டாணியின் தோளில் கை வைத்தார். அந்தக் கை, போகலாம் என்றது.

அந்தத் தெருவில் பெரிய வண்டி நுழைய இடமில்லை. நுழைந்ததும் ரொட்டிக் கடை. அடுத்து ஒரு தச்சர் ரம்பத்தால் பலகை அறுத்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்து சைக்கிள் கடையில் காற்றடிக்கும் சத்தம். காலியாகக் கிடந்த வீட்டுக்கு நேர் எதிரே ஒரு தையல்காரர். அவருடைய மிஷின் கடகடவென்று ஓடியது. தெருக்கோடியில் சனிக்கிழமையும் நடக்கும் ஒரு பள்ளிக்கூடம், அதன் இரைச்சலைச் சொல்லவே வேண்டாம். பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டால் அப்பா தொலைபேசியில் பேசலாம் என்றார் தரகர். நடைபாதையில் ஏதாவது கிடக்கிறதா என்று பட்டாணி கோடி வரை ஓடிப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு பக்கம் துப்புரவாக இருந்தது.

"நான் ஒரு நடை போய்ட்டு வரேன்" என்றார் அப்பா.

தரகர் அவரை ஒருமுறை தெருக்கோடி வரை அழைத்துப் போய்த் திரும்பினார். இரண்டாவது முறை அப்பா தனியாகக் கிளம்பினார். அம்மாவின் கால் தானாக முன்னே போனது. பட்டாணி அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா போனவர் போனவர்தான். பத்து நிமிடம் ஆயிற்று, கால் மணி ஆயிற்று. கடைசியில் கையில் ஒரு ரொட்டிப் பொட்டலத்தோடு தெரிந்தார். நேராக வந்தார், வந்தவர் வீட்டைத் தாண்டிப் போனார். அம்மா வாயைத் திறந்தார்.

"கூப்பிடாதீங்கம்மா" என்றாள் பட்டாணி. அம்மாவின் தலைப்பை விடவில்லை.

இரண்டு அடி தள்ளி அப்பா நின்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார். திரும்பி இரண்டு அடி வந்து, சரியாக அந்தக் கதவின்மேல் கை வைத்தார்.

"தையல்காரர் நூல் மாத்த நிறுத்திட்டார், அதான் தாண்டிட்டேன்" என்றார். பிறகு, சைக்கிள் கடைக்காரருக்கு மூன்று பிள்ளைகள் என்றும், தச்சர் ஒரு கஞ்சப் பேர்வழி என்று ரொட்டிக் கடைக்காரர் சொல்வதாகவும் சொன்னார். அதற்குள் தெருவோடு பழகியே விட்டார். பட்டாணிக்கு அவரைப் பார்க்கப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை.

அம்மாவின் கண் கலங்கியிருந்தது. "உங்களுக்கு நிஜமாவே பிடிச்சிருக்கா?"

"நீ எப்போ வேலைக்குச் சேரணும்னு கேளு" என்றார் அப்பா.

அம்மா திங்கட்கிழமை வரை காத்திருக்கவில்லை. அங்கேயே நின்று லிஃப்ட் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினார். ரம்பம் ஒரு பக்கம், மிஷின் ஒரு பக்கம். போதாததற்குப் பள்ளி மணியும் அடித்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "நான் வரேன்" என்றார். அந்தப் பக்கம் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னார். மூன்றாவது முறை, "நான் வரேங்க, கண்டிப்பா வரேன்" என்று அம்மா போட்ட குரலில் தையல்காரர் மிஷினையே நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"எங்கேம்மா வரீங்க?" என்று கேட்டார்.

"இங்கதான்" என்றாள் பட்டாணி.