பதினோரு நிமிடம்

நாடிக்காப்பு மாட்டாவிட்டால் திரை ஒளிராது. பெரம்பூர் திரையகத்தின் வாசலில் காலைக் காட்சிக்கு வந்தவர்கள் வரிசையாகக் கையை நீட்டினார்கள். ஊழியர் ரெஜினா ஒவ்வொரு மணிக்கட்டிலும் காப்பைப் பூட்டி உள்ளே அனுப்பினாள். எந்தக் காட்சியில் நெஞ்சு பதறுகிறது, எதில் சலிக்கிறது என்பதைக் காப்பு குறித்துக்கொள்ளும். அடுத்த முறை பார்க்கும்போது பிடித்த பாட்டு நீண்டிருக்கும். தாங்க முடியாத காட்சி கழன்றிருக்கும். கணவன் மனைவி என்றால் இருவர் நாடிக்கும் சேர்த்து ஒரே இணைத்தொகுப்பு.

பரிதிக்கு எட்டாம் அறை. மனைவி சுகந்தா இறந்து நாற்பத்தைந்து நாள் ஆகியிருந்தது. இறந்தவரின் நாடிப்பதிவை இரண்டு மாதத்தில் அழித்துவிடுவார்கள்; இணைத்தொகுப்பும் அதோடு போய்விடும். அது தொடர்ந்து வேண்டுமென்றால், மூலப் படத்தை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குத்தான் வந்திருந்தான். அவர்கள் சேர்ந்து பார்த்த படம் அப்படியே இருக்க வேண்டும்; வேறெதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

அது நூறு வருடத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளை இந்திப் படம். சுகந்தா நாக்பூரில் வளர்ந்தவள். "எங்க வீட்டுச் சீதனம் இதுதான், பத்திரமா வெச்சுக்கங்க" என்று கல்யாணமான வாரமே அவனை இழுத்து வந்தாள். அவன் காதில் செவிமொழி தமிழில் ஓடும். அவள் இந்தியிலேயே கேட்பாள்.

மழைப் பாட்டு முடிந்தது. அவர்கள் தொகுப்பில் ரயில் நிலையம் வரும் இடத்தில் இன்று ஒரு மருத்துவரின் அறை வந்தது. நாயகி முக்காலியில் உட்கார்ந்து முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அவருக்குத் தெரிய வேண்டாம், டாக்டர். தெரிந்தால் சிரிப்பதை நிறுத்திவிடுவார்."

அவனுக்கு நினைவு வந்தது. முன்பெல்லாம் இந்தக் காட்சி இருந்தது. சுகந்தா ஓவென்று அழுது அவன் சட்டைக் கையில் மூக்கைத் துடைப்பாள். பிறகு ஒருநாள் அழவில்லை. "பழகிடுச்சா?" என்று கேட்டான். "ஆமா" என்றாள். அதற்கடுத்த முறை காட்சியே இல்லை.

"உன் படம் இளைச்சுப் போச்சு, சுகி."

"படமாவது இளைக்குதே. உங்க தொப்பைதான் இளைக்க மாட்டேங்குது."

படம் முடிந்ததும் ரெஜினாவிடம் கேட்டான். "மேடம், அந்த டாக்டர் காட்சி எப்போ கழண்டுச்சு?"

அவள் பதிவைத் திறந்தாள். "பதினோரு நிமிஷக் காட்சி. போன வருஷம் ஆவணி ரெண்டாந்தேதி பார்த்தப்ப நாடி நூத்தி முப்பதுக்குப் போயிருக்கு, தம்பி. அதுக்கு முன்னாடி நூறைத் தாண்டினதே இல்ல. அந்தத் தடவையோட காட்சி போச்சு."

"யாரோட நாடி?"

"அவங்களோடது. உங்களுது எழுபத்திரண்டு."

சுகந்தா தன் நோயைப் பற்றி அவனிடம் சொன்னது மாசியில். இடையில் ஆறு மாதம். அந்த ஆவணியில் படம் முடியும்வரை அவள் கை அவன் கைக்குள்தான் இருந்தது.

"தொகுப்பையே வெச்சுக்கறீங்களா? கையெழுத்து இங்க."

"வேண்டாம். முழுப் படம் இருக்கட்டும்."

ரெஜினா தயங்கினாள். "முழுப் படமும் உங்க நாடிக்கு ஏத்த மாதிரி மாறும், தம்பி. நீங்க பதறினா அந்தக் காட்சி உங்களுக்கும் கழண்டுடும்."

"இப்ப பார்த்தேனே, எவ்வளவு போச்சு?"

"எழுபத்திரண்டு."

"அப்போ கழலாது."

"கழலாது."

நாற்பத்தைந்து நாளாக அவன் அழவில்லை. கல் மாதிரி இருக்கிறான் என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். அந்தக் கல் இப்போது உதவும் என்று நினைத்தான்.

"இன்னொரு தடவை போடுங்க" என்று கையை நீட்டினான்.

மழைப் பாட்டு முடிந்தது. அறை வந்தது. நாயகி முந்தானையை விரலில் சுற்றினாள். பரிதி வலக்கை விரல்களைக் காப்பின் மேல் வைத்துக்கொண்டான். நாடிக்கு ஏற்றபடி அது நிதானமாகத்தான் துடித்தது.

"அவருக்குத் தெரிய வேண்டாம், டாக்டர்."

விரலுக்கடியில் காப்பு வேகமெடுத்தது. அவன் இறுக்கிப் பிடித்தான். நிற்கவில்லை. இனி இந்தக் காட்சி வராது. கண் மறைக்க மறைக்கத் துடைத்துக்கொண்டு, மீதியிருந்த எட்டு நிமிடத்தையும் பார்த்தான்.