பிசின் பெட்டியில் சோப்புத் தூள்

புடாபெஸ்ட் நகரமே தலையில் வைத்துக் கொண்டாடிய பாட்டு நாடக நாயகி இல்கா தார்னோட்சியை, காலில் மாவுக்கட்டோடு நாற்காலியில் வைத்து ஓய்வுபெற்ற துப்பறிவாளர் கால்னோக்கியின் வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். கூடவே வந்தவர் நாடகசாலை மருத்துவர் கெரோ. கட்டுப் போட்டவர் அவர்தான். இனி ஆடவே முடியாது என்பதை அவளிடம் சொல்ல முடியாமல் விழுங்கிக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

ஆனால் இல்காவுக்கு அது தெரிந்தே இருந்தது. அவளுடைய இருபத்திரண்டு வருட மேடை வாழ்க்கை, முந்தாநாள் புது நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில், ஆட்டத்தின் முதல் சுழற்சியிலேயே முடிந்துவிட்டது. கால் வழுக்காமலிருக்க ஆட்டக்காரர்கள் மேடையோரப் பெட்டியிலுள்ள பிசின் தூளை மிதித்துவிட்டு ஏறுவார்கள். அதில் யாரோ சோப்புத் தூளைக் கலந்திருந்தார்கள்.

“எவன்னு மட்டும் சொல்லுங்க ஐயா. அவன் இனிமே எந்த மேடையிலயும் காலை வைக்கக் கூடாது.”

மருத்துவருக்குத் துப்பறிவதில் கொள்ளை ஆசை. மாற்று நாயகி மார்த்தாதான் செய்திருப்பாள், இப்போதே இல்காவின் உடையை அணிந்து ஒத்திகை பார்க்கிறாள் என்று அடித்துச் சொன்னார். கால்னோக்கி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஆட்டத்தில் வேறு யாரெல்லாம் ஆடினார்கள் என்று கேட்டார். மார்த்தா, நகைச்சுவை நடிகர் தெஜோ, இல்காவின் ஜோடி போதோக் என்றாள் இல்கா. எல்லோருக்கும் ஒரே பெட்டிதான். உடையெல்லாம் பிசுபிசுக்கும் என்று ஒப்பனை அறைக்குள் பிசினை விடவே மாட்டார்கள். அன்று நாடகம் பாதியில் நின்றதும் நான்கு பேரின் காலணிகளையும் அப்படியே அலமாரியில் பூட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலை கால்னோக்கி எல்லோரையும் மேடைக்கு வரவழைத்து, ஒவ்வொரு காலணியின் அடியையும் ஈரத்துணியால் தேய்த்தார். இல்காவுடையது நுரைத்தது. மார்த்தாவுடையதும் தெஜோவுடையதும் நுரைத்தன. போதோக்கினுடையது மட்டும் நுரைக்கவில்லை. துணிதான் அதில் ஒட்டிக்கொண்டது.

பெட்டியை மிதிக்க மறந்திருப்பார் என்றார் மருத்துவர்.

“மறந்திருந்தா பிசினே இருக்காதே டாக்டர்! இவரு மிதிச்சிருக்காரு, ஆனா அந்தப் பெட்டியில இல்ல. அதுல என்ன கிடக்குன்னு தெரிஞ்சதால, திருட்டுத்தனமா தனியா பூசிட்டு வந்திருக்காரு. சும்மா ஏறியிருந்தா நான் மாட்டிவிட்டிருக்கவே முடியாது. ஆனா பிசின் படாத காலோட மேடையேற எந்த ஆட்டக்காரனுக்கு மனசு வரும்?”

போதோக் மறுக்கவில்லை. இல்காவைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“செகெத் ஊரு நாடகசாலையில எங்க அக்கா சரோல்டாதான் நாயகியா இருந்தா, இந்த அம்மா அவளுக்கு மாற்று நாயகி. பதினாறு வருஷத்துக்கு முன்னாடி அங்கயும் பெட்டியில சோப்பு கிடந்துச்சு. இன்னிக்கும் அவ தடி இல்லாம நடக்க மாட்டா. யாரு போட்டதுன்னு இந்த அம்மாகிட்டயே கேளுங்க.”

இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று மருத்துவர் தவித்தார். இல்கா தலையைக்கூடக் குனியவில்லை.

“நான்தான் போட்டேன். அவ இடம் எனக்கு வேணும்னு இருந்துச்சு. அதுக்காக இவனை விட்ருவேன்னு நினைச்சீங்களா? பேரை எழுதுங்க ஐயா.”

கால்னோக்கி நிதானமாக எழுதி, காகிதத்தை மடிக்காமல் மருத்துவரிடம் கொடுத்துப் போலீசில் சேர்க்கச் சொன்னார். அதில் இரண்டு பெயர்கள் இருந்தன. முதலில் இருந்தது இல்காவின் பெயர்.