அத்தை வீட்டு உருளி

உலகம்மை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அதற்கே வீட்டில் பெரிய வம்பாகிவிட்டது.

தப்பு அவளுடையது இல்லை. பள்ளிக்கூடத்தில் சத்தியபாய் டீச்சர்தான், "உங்க குடும்ப வரலாற எழுதிட்டு வாங்க. பாட்டா, ஆச்சிக்கு எந்த வருஷம் கல்யாணம் ஆச்சுன்னு வீட்டுல கேளுங்க" என்று சொல்லியிருந்தார். உலகம்மை பிறக்கும் முன்பே அவளுடைய பாட்டாவும் ஆச்சியும் இறந்துபோயிருந்தார்கள். அதனால் அப்பா வள்ளிநாயகத்திடம் கேட்டாள்.

அப்பா குத்துவிளக்கைக் காட்டினார். "ஆச்சி கல்யாணச் சீரா கொண்டாந்தது. அடியில வெட்டியிருக்கு பாரு. ஆனி 1074."

தோவாளையில் அப்போது கொல்லம் ஆண்டுதான் கணக்கு. சீர்ப் பாத்திரம் என்றால் பெயரும் மாதமும் வருடமும் வெட்டித்தான் கொடுப்பார்கள்.

பக்கத்து வீட்டு அழகியநாயகி அத்தையும் அங்கே இருந்தார். அப்பாவின் அக்கா அவர். தினமும் பிச்சிப்பூ கட்டிக்கொண்டு வந்து உலகம்மையின் தலையில் வைத்துவிடுவார்.

"1075ல்லா தம்பி. அம்மைக்குச் சீரா வந்த உருளி எங்கிட்டதான இருக்கு. அதுல 1075ன்னு இருக்கே" என்றார் அத்தை.

"அப்போ அது சீர் உருளியா இருக்காதுக்கா. பொறவு கடையில வாங்கினதா இருக்கும்" என்றார் அப்பா, யோசிக்காமல்.

அத்தையின் முகம் வாடிவிட்டது. ஆச்சியின் நினைவாக அவரிடம் இருந்தது அந்த உருளி ஒன்றுதான். எழுந்து வீட்டுக்குப் போனார். மறுநாள் பிச்சிப்பூ வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. உலகம்மையின் அக்கா கோமளவல்லிக்கு ஆனியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. ஆடிக்கு அழைத்து வந்த புதுப்பெண்ணை, ஆவணி பிறந்ததும் சீரோடு புருஷன் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பும் நாளில் அத்தைதான் தன் உருளியில் பாயசம் வைப்பார்.

பாயசத்துக்காகத்தான் உலகம்மை கவலைப்பட்டாள் என்று நினைக்காதீர்கள். சரி, கொஞ்சம் அதுவும் உண்டு. ஆனால் அத்தையின் வாடிய முகம்தான் அவளுக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

நாகர்கோவிலிலிருந்து அக்காவுக்குப் புதுப் பித்தளைப் பானை வந்தது. உலகம்மை அதில் வெட்டியிருந்ததைத் தடவிப் படித்தாள். 'ஆவணி 1127.' அக்காவின் கல்யாண விளக்கையும் திருப்பிப் பார்த்தாள். 'ஆனி 1126.'

"அப்பா, அக்காவுக்கு எத்தனை தடவை கல்யாணம் நடந்துது?"

"என்னட்டி கேள்வி இது? ஒரு தடவைதான்."

"பொறவு ஏன் விளக்குல ஒரு வருஷம், பானையில ஒரு வருஷம் இருக்கு?"

"விளக்கு கல்யாணத்துக்குக் குடுத்தது. பானை ஆடி கழிஞ்சு போகும்போது குடுக்கது. கொல்லம் கணக்குல ஆவணியிலல்லா புது வருஷம் பொறக்கும்? நடுவுல ஒரு ஆடி மாசம்தான்..."

சொல்லிக்கொண்டே வந்த அப்பா சட்டென்று நிறுத்தினார்.

"அத்தை உருளியில எந்த மாசம்பா போட்டிருக்கு?" என்று கேட்டாள் உலகம்மை.

"யாருக்குத் தெரியும்? வருஷத்துக்கு முன்னால உள்ள எழுத்தெல்லாம் ஒரே கரி."

உலகம்மை அதற்கு மேல் நிற்கவில்லை. அடுக்களையில் கைநிறையப் புளியை அள்ளிக்கொண்டு அத்தை வீட்டுக்கு ஓடினாள்.

"புளி என்னத்துக்குட்டி?" என்றார் அத்தை.

"உருளி தேய்க்கதுக்கு."

"கடையில வாங்கின உருளிதான மக்கா. அது எப்படிக் கெடந்தா என்ன?"

அந்தக் குரலைக் கேட்க உலகம்மைக்கு அழுகை வந்தது. ஆனாலும் உருளியைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்தாள். முழங்கை வரை கரி ஏறியது. கடைசியில் ஓர் எழுத்து தெரிந்தது. 'ஆ.'

ஆனியும் ஆதான், ஆடியும் ஆதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் அழுத்தித் தேய்த்தாள். அடுத்த எழுத்து மெல்லத் தெரிந்தது. 'வ.'

"அத்தை, ஆவணி. ஆடி கழிஞ்சு அக்கா பானையோட போகால்லா? அதே மாதிரி ஆச்சி இந்த உருளியோட போயிருக்கா."

பின்னாலேயே வந்த அப்பா வாசலில் நின்றார். "நான் சொன்னது தப்புக்கா. இதுவும் அம்மை சீர்தான்."

அத்தை ஈர உருளியை மடியில் எடுத்து வைத்து முந்தானையால் துடைத்தார். கண்ணையும் அதே முந்தானையால் துடைத்ததில் கன்னத்தில் கரி ஒட்டிக்கொண்டது. யாரும் அதைச் சொல்லவில்லை.

"கல்யாண வருஷத்த நானும் தப்பாத்தான சொன்னேன்" என்றார் அத்தை. "சரி தம்பி, சும்மா நிக்காத. பாயசத்துக்குத் தேங்கா உரி."

அடுத்த வாரம் சத்தியபாய் டீச்சர் உலகம்மையின் தாளைப் படித்தார். 'ஆச்சி திருமணம்: ஆனி 1074. உருளி வந்தது: ஆவணி 1075.'

"குடும்ப வரலாற்றுல உருளி எதுக்கு உலகம்மை?"

தலையில் இருந்த பிச்சிப்பூவைச் சரிசெய்துகொண்டு உலகம்மை சொன்னாள்: "அதுவும் எங்க ஆச்சி கூட வந்ததுதான் டீச்சர்."