இரண்டு வாட்

ஏரியல் கம்பி அறுந்து தோட்டத்துச் சேற்றில் கிடப்பதை அய்யாத்துரை ஜன்னல் வழியே பார்த்தபோது, ரேடியோவில் அவன் தட்டிய அழைப்புக்குப் பதில் வந்து முடிந்திருந்தது.

ஹெட்போனைக் காதிலிருந்து பாதி விலக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தான். இரண்டு பலா மரங்களுக்கு நடுவே உயரத்தில் ஆட வேண்டிய கம்பி, பழுத்த இலைகள் மேலே ஒட்டி, பாதி மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. இப்போது விழுந்தது அல்ல. காலையில் அடித்த காற்றிலேயே விழுந்திருக்க வேண்டும்.

‘உங்கள் சத்தம் நன்றாகக் கேட்கிறது’ என்று மட்டும் சொல்லியிருந்தது அந்தப் பதில். பெயரில்லை, நிலையத்தின் குறியில்லை.

தென்காசித் தந்தி ஆபீசில் ஊராருடைய சாவையும் கல்யாணத்தையும் நாள் முழுக்கத் தட்டிவிட்டு, குற்றாலத்து வீட்டுக்கு வந்தால் மறுபடியும் தந்தி தட்டும் கீயின் முன்னால்தான் உட்காருவான் அய்யாத்துரை. லைசென்ஸ் வாங்கி, தானே செய்த டிரான்ஸ்மிட்டர். ஒரே ஒரு வால்வு, இரண்டு பாட்டரி, இரண்டு வாட். இரண்டு டார்ச் பல்பு எரிக்கக்கூடிய மின்சாரம். அந்த ஐம்பத்தெட்டாம் வருஷம் சூரியனில் புள்ளிகள் அதிகம். அதனால் அவ்வளவு சின்னச் சத்தமும் வானத்தில் பட்டுத் தெறித்து ஜப்பான் வரை போனது. எவ்வளவு குறைவாக அனுப்பினால் எவ்வளவு தூரத்தில் கேட்கும் என்பதுதான் அவனுடைய பித்து.

ஆனால் கம்பியே இல்லாமல் கேட்காது. யாருக்கும்.

‘எந்த ஊர்?’ என்று தட்டினான்.

‘பக்கத்தில்.’

ஐந்தருவிச் சாலையை விட்டு விலகி, ஓடைக்கு அந்தப் பக்கம் மலையடியில் இருந்த ஒற்றை வீடு அது. பக்கத்தில் என்று சொல்ல மாடக்கண்ணுவின் தோப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. தபால் இலாகாப் பையன் எவனாவது விளையாடுகிறானோ என்று நினைத்து, சிரிப்பு வராமலே சிரித்துக்கொண்டு, ஒரு பாட்டரியைக் கழற்றிவிட்டுத் தட்டினான். உண்மையான ஆளாக இருந்தால் சத்தம் பாதியாகக் குறைந்திருக்க வேண்டும்.

‘இப்போது இன்னும் தெளிவு.’

வெளியே மழை ஓடுகளின் மேல் ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் அருவியின் இரைச்சல். ஈரச்சுவரின் பூஞ்சை வாடையும் சூடேறிய வால்வின் தூசி வாடையும் அறைக்குள் கலந்து நின்றன. மணி நான்குதான் இருக்கும், அதற்குள் மூலைகளில் இருட்டு கட்டியிருந்தது. அவன் இரண்டாவது பாட்டரியையும் கழற்றினான். வால்வு அணைந்தது. உயிரில்லாத கீயை, மரக்கட்டையைத் தட்டுவதுபோல், நான்கு தடவை தட்டினான்.

‘மிகத் தெளிவு. இன்னும் குறை.’

அவன் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

“ஏங்க, என்ன சத்தம்?” அடுக்களையிலிருந்து அவன் மனைவி குழல்வாய்மொழி கேட்டாள்.

“ஏட்டி, கிளம்பு. தென்காசிக்கு உங்க அக்கா வீட்டுக்குப் போவோம்.”

“இந்த மழையிலயா? கிறுக்கா பிடிச்சிருக்கு?”

அவன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடைவரை போனான். பாலம் இருந்த இடத்தில் செந்தண்ணீர் சுழித்து ஓடியது. அக்கரையில் கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மாடக்கண்ணு நின்றார்.

“அண்ணாச்சி, இறங்காதீய! பாலம் முங்கிட்டு! ஆள இழுத்துட்டுப் போயிரும்!”

“கயிறு இருக்கா?”

“விடியட்டும், கொண்டாறேன்! வீட்டுக்குள்ள போய் இருங்க!”

பின்னால் மலை. வழுக்குப் பாறை. வேறு வழி கிடையாது.

வீட்டுக்குள் வந்ததும் மேசைமேல் கிடந்த ஹெட்போன் கட்டுக்கடா கட்டுக்கடா என்று தட்டிக்கொண்டிருப்பது நடையிலேயே கேட்டது. அவன் ரிசீவரை அணைத்தான். நிற்கவில்லை. ஹெட்போனின் வயரைப் பிடுங்கினான். வயர் நுனி அவன் கையில் வெறுமனே தொங்கியது. நிற்கவில்லை.

‘இரண்டு பேர். மற்றவர் ஒன்றும் அனுப்புவதில்லை. அவர்தான் மிகத் தெளிவு.’

“அது என்ன சொல்லுது?” அவள் அவன் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

“ஒண்ணுமில்ல.”

“மூஞ்சியப் பாத்தா ஒண்ணுமில்லன்னு தெரியலயே.”

குறைக்கக் குறைக்கத் தெளிவு. அப்படியென்றால் கூட்டினால்? அவன் இரண்டு பாட்டரிகளையும் மாட்டினான். வால்வு சிவந்தது. கீயைப் பிடித்து, சொல்லில்லாமல் பொருளில்லாமல், குத்துவதுபோல் தட்டினான்.

‘மங்குகிறது,’ என்றது. சற்று நேரம் கழித்து, வெகு தூரத்திலிருந்து, ‘மங்குகிறது.’

மூச்சு வந்தது. நிறுத்தக் கூடாது. அவ்வளவுதான். விடியும்வரை நிறுத்தக் கூடாது.

“குழலு, அடுக்களைக்குப் போ. அந்தப் பித்தளைப் பானையை எடுத்துத் தட்டு.”

“என்னத்துக்கு?”

“கேக்காத. சும்மா மட்டும் இருக்காத. தட்டிக்கிட்டே இரு. அடுப்பு வெளிச்சம் இருக்கு, அங்கனயே உக்காரு.”

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு போனாள். டங், டங் என்று பானையின் சத்தம் வந்தது. அவன் கீயைத் தட்டினான். அவள் பானையைத் தட்டினாள். ஜன்னலில் வெளிச்சம் வற்றியது. மணிக்கட்டு வலித்தது, கையை மாற்றிக்கொண்டான். இடது கை தடுமாறியது. அந்தத் தடுமாற்றத்தின் இடைவெளிகளில், மெல்ல, ‘தெளிவு’ என்று வந்தது. அவன் வேகத்தைக் கூட்டினான்.

மழைக்கால ஈரம் பாட்டரிகளைத் தின்றிருந்தது. வால்வின் சிவப்பு ஆரஞ்சாக மங்கி, பழுப்பாகி, ஒரு புள்ளியாகச் சுருங்கியது. அவன் தட்டினான். புள்ளி அணைந்தது.

தட்டினான்.

கீயின் சத்தமே கேட்கவில்லை. உலோகம் உலோகத்தில் படுவது விரலுக்குத் தெரிந்தது. காதுக்குத் தெரியவில்லை. ஓட்டின் மேல் மழை விழுந்துகொண்டிருந்தது; ஜன்னலில் நீர் வழிந்தது; சத்தமில்லை. அருவி இல்லை. ஓடை இல்லை.

பானை இல்லை.

“குழலு!” என்று கத்தினான். தொண்டை அதிர்ந்தது. அவ்வளவுதான்.

அடுக்களை வாசலுக்கு ஓடினான். அடுப்புக் கங்கின் வெளிச்சத்தில் அவள் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். கரண்டி பானையின் மேல் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அவனைக் கண்டதும் அதைப் போட்டுவிட்டாள். அவள் பார்வை அவன் மேல் இல்லை. அவனுக்குப் பின்னால், அறையில், மேசைமேல் கிடந்த ஹெட்போனை நோக்கி இருந்தது. எல்லாச் சத்தமும் போன பிறகும் அது மட்டும் ஒலித்தது; அவளுக்கும் கேட்டிருந்தது.

இப்போது அங்கே கட்டுக்கடாச் சத்தம் இல்லை. குரல். அவளுடைய குரல்.

“ஆமா, நல்லா கேக்குது.”

அவள் இரண்டு கைகளாலும் தன் வாயை இறுக்கிப் பொத்தினாள். விரல்களுக்கு மேலே கண்கள் அகலமாக விரிந்தன.

“ரெண்டு பேரும் இங்கனதான் இருக்கோம்,” என்றது பின்னாலிருந்து அவள் குரல், சிரித்துக்கொண்டே, விருந்தாளியை அழைப்பதுபோல். “கதவு தொறந்துதான் கெடக்கு. உள்ள வாங்க.”